49 பவுண்ட் சூத்திரம், 40 பென்ஸ் நட்டம்

கசினோ மேசைக்கும் ஈ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) பந்தயத்துக்கும் ஒரே சூத்திரம் என்று ஒரு பொதி விற்கிறார்கள். ஒரு பிடிஎஃப், ஒரு எக்செல் கோப்பு, விலை 49 பவுண்ட். பெயரைச் சொல்லி விளம்பரம் கொடுக்க மனமில்லை. லண்டனில் கணக்கு வேலை பார்க்கிறவன் நான், இலக்கத்தில் என்னைப் பேய்க்காட்டேலாது என்ற திமிரில் வாங்கினேன்.

உள்ளே இருப்பது மார்ட்டிங்கேல் என்கிற பழைய பந்தய முறைதான். தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, வென்றதும் முதலிலிருந்து தொடங்கு.

சக்கரத்தில் பந்தைச் சுழற்றி விடுகிற ரூலெட்டில் அது வேலை செய்கிற மாதிரித்தான் இருந்தது. லெஸ்டர் சதுக்கப் பக்கம் ஒரு கசினோவில் சிவப்பில் 5 பவுண்ட் வைத்துத் தொடங்கினேன். முக்கால் மணித்தியாலத்தில் 60 பவுண்ட் லாபம். அதோடு எழும்பி வந்துவிட்டேன், கெட்டித்தனத்தில் இல்லை, கடைசி ரயில் போய்விடும் என்று. ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 குழி, அதில் 18 மட்டுமே சிவப்பு. தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 635 பவுண்ட் போய்விடும். 5 பவுண்டில் தொடங்குகிற ஒவ்வொரு தொடரிலும் அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 106க்கு ஒன்று. நான் தொடங்கியது பன்னிரண்டு தொடர்.

வில்லங்கம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல்தான் வந்தது, அணிக்கு ஐந்து பேர் விளையாடுகிற சுடுகிற வீடியோ கேம் அது. அக்காவின் மகன் பக்கத்தில் இருந்து ஆட்டம் பார்த்தான். சமபலமான இரண்டு அணி, இரண்டு பக்கமும் 1.87 விலை, அதாவது ஒரு பவுண்ட் கட்டி வென்றால் கட்டியதும் சேர்த்து 1.87 கைக்கு வரும். 10, 20, 40 என்று மூன்றும் போனது. நாலாவதாக 80 கட்டி வென்றேன். கையைத் தட்டிவிட்டுக் கணக்கைப் பார்த்தால், வந்த லாபம் 69.60, அதற்கு முன் விட்டது 70.

"மாமா, நீங்கள் வெண்டும் தோத்திட்டீங்கள்" என்று அவன் சிரிக்கிறான்.

சிவப்புக்குக் கட்டினால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறார்கள். விலையை மாற்றிப் போட எக்செல்லில் ஒரு கட்டம்கூட இல்லை.

இன்னொன்று. தோற்றாலும் அதே அணியிலேயே இரட்டிப்புக் கட்டச் சொல்கிறது பிடிஎஃப். ரூலெட் பந்துக்கு முந்தின சுற்று ஞாபகம் இருக்காது. ஆனால் ஐந்து பெடியள் முதல் மேப்பில் (ஒரு போட்டியை இப்படிப் பல களங்களில் ஆடுவார்கள்) அடிவாங்கினால் இரண்டாவதில் கை நடுங்கும், அடுத்த விலையும் அதற்கேற்ப மாறும். காசுக்காக வேண்டுமென்றே தோற்றவர்களும் உண்டு. 2014இல் ஐபைபவர் என்ற கவுண்டர்-ஸ்ட்ரைக் அணி அப்படி ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது, 2015 ஜனவரியில் அந்த கேமைச் செய்கிற வால்வ் நிறுவனம் அணியின் நாலு வீரர்களைத் தடைசெய்தது. பிடிஎஃப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பின்பக்கத்தில் கெல்லி சூத்திரத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கட்டுகிற தொகையை உங்கள் அனுகூலத்துக்கு அளவாக வைக்கச் சொல்கிற சூத்திரம் அது. அதில் ரூலெட் சிவப்பைப் போட்டுப் பார்த்தேன். விடை கழித்தல் 37இல் ஒன்று. அதாவது ஒரு பென்ஸும் கட்டாதே. விற்றவர் தன் புத்தகத்தைக் கடைசிவரை வாசிக்கவில்லைப் போல.

காசைத் திருப்பிக் கேட்டேன். "முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை" என்று பதில் வந்தது.

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த அரை, வரவு செலவு பதியும் தாளுக்கு. திகதி, தொகை, மிச்சம் எல்லாம் வடிவாக நிரல் போட்டிருக்கிறார்கள். மனுசி இப்போது சீட்டுக்காசுக் கணக்கை அதில்தான் எழுதுகிறாள்.