ஏஜி கோபன்ஹேகனா, ஜிஓஜியா: திவாலான இரண்டு டேனிஷ் ஹேண்ட்பால் அணிகள்

டென்மார்க் ஹேண்ட்பாலில் பெரிய அணி திவாலாவது அதிசயமில்லை. 2010 ஜனவரியில் ஜிஓஜி விழுந்தது. 2012 ஜூலை 31 அன்று ஏஜி கோபன்ஹேகன் கையை விரித்தது. விழுந்த ஜிஓஜி எழுந்து வந்து 2022, 2023 என்று அடுத்தடுத்து தேசிய சாம்பியன் ஆனது. ஏஜி என்று மேல் லீக்கில் இன்று ஓர் அணியே கிடையாது. பண பலம் ஏஜியிடம்தான் அதிகம் இருந்தது என்பதால்தான் இந்த ஒப்பீடு சுவாரசியமாகிறது.

முதலில் ஏஜி. 2010-ல் நகை வியாபாரி யெஸ்பர் நீல்சன் உருவாக்கிய அணி இது. பண்டோரா நகைகளை ஜெர்மனியில் விற்றுப் பெரும் பணம் பார்த்தவர். கோபன்ஹேகனின் எஃப்சிகே ஹேண்ட்பால், தலைநகரின் மேற்குப் புறநகரைச் சேர்ந்த ஏஜி ஹேண்ட்பால் ஆகிய இரண்டின் உரிமங்களையும் சேர்த்து ஒரே அணியாக்கினார். எஃப்சிகே அதற்கு இரண்டு வருடம் முன்புதான் சாம்பியன் ஆகியிருந்தது. பார்சலோனாவிலிருந்து மிக்கேல் ஹேன்சன் வந்தார். கோல்கீப்பர் காஸ்பர் ஹ்விட், ஐஸ்லாந்தின் ஆர்னோர் அட்லாசன், அடுத்த வருடம் அதே நாட்டின் ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன் என்று பட்டியல் நீண்டது. ஸ்டெஃபான்சன் வந்தது ரைன்-நெக்கார் லோவன் அணியிலிருந்து. நீல்சன் பணம் போட்டிருந்த இன்னொரு அணி அது!

பலன் உடனே கிடைத்தது. 2011, 2012 இரண்டு வருடமும் லீக் பட்டம். 2011 மே மாத இறுதி ஆட்டத்தைக் கால்பந்து மைதானமான பார்க்கெனுக்கே கொண்டுபோனார்கள். பியெரிங்ப்ரோ-சில்கெபோர் அணியுடன் நடந்த அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 36,651 பேர். கிளப் ஹேண்ட்பாலில் அன்றைக்கு அது உலக சாதனை. 2014-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில்தான் முறிந்தது. 2012 சாம்பியன்ஸ் லீக்கில் பார்சலோனாவை வெளியேற்றி, கொலோனில் அரையிறுதியில் அத்லெத்திகோ மாட்ரிட்டிடம் இரண்டு கோலில் தோற்று, மூன்றாம் இடம் பிடித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வெற்றி என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இருக்கட்டும். பிறந்து இரண்டே வருடத்தில் ஐரோப்பாவில் மூன்றாம் இடம் என்பது பணத்தால் மட்டும் வருவதில்லை. அந்த அணி ஆடிய ஆட்டம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

அப்புறம் 2012 கோடையில் நீல்சன் பணம் போடுவதை நிறுத்தினார். அந்த ஓட்டையை அடைக்க ஆள் கிடைக்கவில்லை. அணி திவாலானதும் ஹேன்சன் பாரிஸ் போய்விட்டார்.

ஜிஓஜியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. ஃபூன் தீவின் தென்கிழக்கில் குட்மெ, ஔரெ, குட்பியெர் என்ற மூன்று சின்ன ஊர்களின் கிளப் அது. ஔரெயில் விளையாட்டுக்கென்றே உறைவிடப் பள்ளி உண்டு. ஏஜியின் பெரிய நட்சத்திரமான ஹேன்சன் பார்சலோனா போவதற்கு முன் ஆடியதே ஜிஓஜிக்குத்தான். கோல்கீப்பர் நிக்லஸ் லாண்டினும் அங்கே இருந்தவர். 2010-ல் அணி திவாலானதும் அவர் போய்ச் சேர்ந்த இடம் பியெரிங்ப்ரோ-சில்கெபோர், அதாவது பார்க்கெனில் ஏஜியை எதிர்த்த அதே அணி.

கிராமத்து அணி என்பதால் சிக்கனமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2007-ல் சாம்பியனான அணி, வரவை மீறிச் செலவு செய்துதான் மாட்டிக்கொண்டது. இந்த விஷயத்தில் ஜிஓஜிக்கும் ஏஜிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. டென்மார்க்கில் தொழில்முறை அணியைப் பெரும்பாலும் ஒரு கம்பெனி நடத்தும். அதன் பின்னால் ‘தாய்க் கிளப்’ என்று ஓர் உள்ளூர்ச் சங்கம் இருக்கும். கம்பெனி கவிழ்ந்தால் அணி மேல் லீக்கை விட்டு இறங்க வேண்டும், ஆனால் சங்கம் அப்படியே இருக்கும். ஜிஓஜியில் சிறுவர் அணிகளும் பயிற்சியாளர்களும் ஊர்க்காரர்களும் எங்கேயும் போகவில்லை. கீழ்ப்பிரிவில் ஆடி, சில வருடங்களில் மேலே வந்தார்கள். ஏஜிக்கோ வயதே இரண்டு. எஃப்சிகேயும் இல்லை, பழைய ஏஜியும் இல்லை என்று இரண்டையும் கலைத்துச் செய்த அணிக்கு, தன்னுடையது என்று பிடித்துக்கொள்ள ஓர் ஊர் அமையவில்லை. நீல்சன் செய்த பெரிய தவறு நட்சத்திரங்களை வாங்கியது அல்ல, இதுதான் என்பேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ஏஜி விழுந்ததும் கோல்டிங் நகரின் கிஃப் அணி, கோபன்ஹேகன் பெயரையும் சேர்த்துக்கொண்டு தலைநகர ரசிகர்களைப் பிடிக்கப் பார்த்தது. ஹ்விட்டும் அங்கே போனார். 2014, 2015 பட்டங்களும் வந்தன. ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊரின் அணியைத் தலைநகரம் தன் அணியாக ஏற்குமா? பிற்பாடு அந்தப் பெயரைக் கழற்றிவிட்டார்கள்.

ஜிஓஜி வழிக்கும் ஒரு விலை உண்டு. மத்தியாஸ் கிட்செல் 2022-ல் பெர்லினுக்குப் போனார். சைமன் பிட்லிக் 2023-ல் ஃப்ளென்ஸ்பூர்க் போனார். வளர்த்த பிள்ளைகள் உச்சத்துக்கு வரும்போது ஜெர்மனி கொத்திக்கொண்டு போய்விடும். 2024-ல் பட்டம் மறுபடி ஆல்போர் அணியின் கைக்குப் போனது. ஒரே ஒரு சீசன் டிக்கெட் வாங்கலாம் என்றால் 2011-12 ஏஜியைத்தான் வாங்குவேன். பத்து வருடத்துக்கு வாங்கச் சொன்னால் குட்மெ.