டேபிள் டாப் கிரைண்டர்: ஏழு வருஷத்துக்குப் பிறகு

ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்கலாம் என்று தூக்கினால் ட்ரம் வரவில்லை. ஏழு வருஷத்தில் இது மூன்றாவது தடவை. தீபாவளி ஆஃபரில் இதே மாதிரி 2 லிட்டர் கிரைண்டர் வாங்கலாமா என்று நண்பர் கேட்டதும் இதே வாரம்தான். அதனால் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ட்ரம்மை எடுக்கும் வழி. சுத்தியல் வேண்டவே வேண்டாம். அடித்தால் ட்ரம்மின் நடுவில், மோட்டார் சுழற்றும் தண்டு நுழைகிற குழாய் நெளியும், அப்புறம் எந்தக் காலத்திலும் நேராக உட்காராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயின் வாய்க்கு ஒரு விரல்கடை கீழே நிற்கிற மாதிரி ட்ரம்முக்குள் வெந்நீர் ஊற்றுங்கள். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது, போனால் நேராக பெல்ட்டுக்குத்தான் இறங்கும். இருபது நிமிஷம் விட்டால் சூட்டில் குழாய் சற்று விரியும். தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ட்ரம்மை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகத் திருகியபடி நேர் மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் இன்னும் இறுகும்.

சிக்குவதற்குக் காரணம் துரு மட்டும் இல்லை. ட்ரம்மின் நடுவில் எழும் குழாய்க்குள்தான் தண்டு நிற்கிறது. மாவு பொங்கி அந்த வாயைத் தாண்டினால் உள்ளே வழிந்து, காய்ந்து, பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் '2 லிட்டர்' விளிம்பு வரைக்குமான கணக்கு. உருளைக் கற்கள் அடைக்கும் இடத்தையும் குழாயின் குட்டை உயரத்தையும் கழித்தால் கைக்குக் கிடைப்பது ஒன்றேகால் லிட்டர்தான். 800 கிராம் அரிசியை ஒரே ஈடாகப் போட்டால் வழியும். 400, 400 ஆகப் பிரித்தே தீர வேண்டும். கோவையில் 1955-இல் சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார், 'கோயமுத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் குழாயை ஓர் அங்குலம் உயர்த்த எங்கள் மாடலைச் செய்தவர்களுக்கு மனசு வரவில்லை.

பெல்ட் வழுக்குவதற்கும் இதே ஒழுகல்தான் வேர். மோட்டார் சத்தம் இருக்கும், உளுந்து கெட்டியாகும் நேரத்தில் ட்ரம் திணறி நிற்கும், ரப்பர் கருகிய வாசனை வரும். அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றி, மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை வெளிப்பக்கம் நகர்த்தி முறுக்கினால் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. உள்பக்கம் பளபளவென்று வழவழத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன் மேலேயே எண் இருக்கும், அதைப் படித்து வாங்குங்கள். மோட்டார் 'ம்ம்' என்று உறுமி, ட்ரம்மைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் போயிருக்கும். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சர்வீஸ் கடையில் மோட்டாரையே மாற்றணும் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

இனி நல்லதையும் சொல்லணும். ஐப்பசி லீவு நாளுக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. காலை 7 மணிக்கு 800 கிராம் இட்லி அரிசியை ஊறப்போட்டுவிட்டு உழவர் சந்தை, ரேஷன் கடை, செருப்புத் தைக்கிற இடம் எல்லாம் முடித்துப் பத்தரைக்குத் திரும்பலாம். வந்ததும் 200 கிராம் முழு வெள்ளை உளுந்தை ஒரு ஸ்பூன் வெந்தயத்தோடு ஊறவைத்தால் ஒரு மணி நேரம் போதும். ரொம்ப ஊறினால் மாவு பொங்குவது குறையும். உளுந்து அரைபடும் அரை மணி நேரமும் பக்கத்திலேயே இருக்கணும். நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட்டபடி, அங்கேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கலாம். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அதுவரை எடுக்காதீர்கள்.

அரிசிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஈட்டுக்கு இருபது நிமிஷம், தொட்டால் மெல்லிய ரவை மாதிரி நெருடினால் சரி. அந்த இடைவெளியில் மாடியில் துணி உலர்த்தலாம் (வானத்தைப் பார்த்துக்கொண்டு), ரசத்துக்குப் புளி கரைக்கலாம். ஒன்றேகால் மணிக்கு மாவும் ஆயிற்று, சமையலும் ஆயிற்று. கல்லுப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி வரைக்கும் வைத்தால் போதும். மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் புளிப்பது இந்த மழைக் குளிரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். மறுநாள் இட்லியைப் பிய்த்தால் நூல் நூலாக வருகிறது. மிக்ஸியில் பிளேடு சூடேறி உளுந்தையும் சூடாக்கிவிடும். என்ன ஐஸ் தண்ணீர் ஊற்றினாலும் மாவு இப்படிப் பொங்காது.

நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதே. ட்ரம், மூன்று கல், மூடி, மாவு தள்ளும் பட்டை என்று எல்லாம் கழுவி, கல் சுழலும் புஷ்ஷில் அடைத்த மாவைப் பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டி எடுத்த கையோடு கேட்டால் வேறென்ன சொல்வது. வாங்கித்தான் தீருவேன் என்றால், கடையில் மூடியைத் திறந்து நடுக்குழாயைப் பாருங்கள். அதன் வாய் ட்ரம் விளிம்போடு கிட்டத்தட்டச் சமமாக நிற்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது மூன்று விரல் தாழ்வு.