பிங் போகிறது, லிங்க் காணோம்: ரியூவுடன் மூன்று வருடம்

போன வாரம் ஒரு நண்பன் போன் செய்தான். "லேபுக்கு ரியூவும் ஓபன் விஸ்விட்சும் போடலாம்னு இருக்கேன். நீ மூணு வருஷமா வெச்சிருக்கியே, எப்படிடா?" என்றான். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஓபன் விஸ்விட்ச் என்பது மென்பொருளாலான நெட்வொர்க் சுவிட்ச். வரும் பாக்கெட்டை என்ன செய்வது என்று அதற்கு உத்தரவிடும் கண்ட்ரோலர் மென்பொருள்தான் ரியூ, இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி ஓபன்ஃப்ளோ.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த சுவிட்ச் எதோடு இணைந்திருக்கிறது என்று கண்ட்ரோலர் தானே கண்டுபிடிக்கும் வேலை இருக்கிறதே, மூன்று வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அது ஒன்றுதான். அது உடையும்போது சத்தமே போடுவதில்லை.

அது நடக்கும் விதம் எளிமையானது. கண்ட்ரோலர் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு எல்எல்டிபி பாக்கெட்டை (பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் சிறு செய்தி) வெளியே தள்ளச் சொல்லும். எதிர்ப்பக்க சுவிட்ச் அதை வாங்கி கண்ட்ரோலரிடமே ஒப்படைக்கும். முதல் சுவிட்சின் 2-ம் போர்ட்டில் புறப்பட்டது, இரண்டாவதின் 3-ம் போர்ட்டில் வந்து சேர்ந்தது, ஆகவே இடையில் ஒரு லிங்க். அதுவும் ஒரு திசைக்கு மட்டும், மறுதிசைக்கு இன்னொரு பாக்கெட் வர வேண்டும். இந்த ஒப்படைக்கும் வேலைக்கும் சுவிட்சில் ஒரு ஃப்ளோ ரூல், அதாவது 'இப்படி ஒரு பாக்கெட் வந்தால் இதைச் செய்' என்ற கட்டளை, தேவை. லிங்க்குகளைக் கவனி என்ற ஆப்ஷனைப் போட்டு ரியூவைத் தொடங்கினால், அந்த ரூலை 65535 என்ற உச்ச முன்னுரிமையில் அதுவே எழுதிவைக்கும்.

ஒரே நெட்வொர்க்கை எண்ணிட்ட தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதுதான் விலான். அதற்காக நான் எழுதிய நிரல், சுவிட்ச் உள்ளே வந்ததும் பழைய ரூல்களை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் தன் ரூல்களைப் போடும். முந்தைய சோதனையின் மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது என்று அப்படி வைத்தேன். துடைத்ததில் ரியூ எழுதிய ரூலும் சேர்ந்து போயிற்று. ஓபன்ஃப்ளோ 1.3-ல் எந்த ரூலிலும் படாத பாக்கெட் அப்படியே கைவிடப்படும். விலான் 100-ல் பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்ற சோதனை) ஒரு பாக்கெட் விடாமல் போகிறது, டோப்பாலஜியில், அதாவது கண்ட்ரோலர் வைத்திருக்கும் இணைப்பு வரைபடத்தில், லிங்க் ஒன்றுகூட இல்லை. லாகில் ஒரு வரி எச்சரிக்கை கிடையாது. இரண்டு ராத்திரி கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

பிடித்துக்கொடுத்தது ஓபன் விஸ்விட்சின் ட்ரேஸ் கட்டளை. உண்மையான பாக்கெட் எதுவும் வேண்டாம். "1-ம் போர்ட்டில் இப்படி ஒரு எல்எல்டிபி பாக்கெட் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால் போதும். எந்த டேபிள், எந்த ரூல், என்ன முன்னுரிமை என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வரும். என் திரையில் கடைசி வரியில் 'டிராப்' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. அதன்பின் என் ரூல்களுக்கு மட்டும் குக்கி என்ற அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, அந்த எண் உள்ளவற்றை மட்டும் நீக்கும்படி நிரலை மாற்றினேன். லிங்க்குகள் உடனே திரும்பி வந்தன.

ஆறு மாதம் கழித்து அதே நோய் வேறு காரணத்தோடு வந்தது. போர்ட் போதவில்லை என்று இரண்டு ஓபன்ஃப்ளோ சுவிட்சுகளுக்கு நடுவே சாதாரண சுவிட்ச் ஒன்றை வைத்தோம். எல்எல்டிபி போகும் முகவரி 01:80:சி2 என்று தொடங்குவது. பக்கத்து வீட்டைத் தாண்டக்கூடாது என்பதுதான் அந்த முகவரிக்கு விதி, சாதாரண சுவிட்ச் அதை அங்கேயே நிறுத்திவிடும். அது தவறு இல்லை, சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஓனோஸ், ஃப்ளட்லைட் போன்ற வேறு கண்ட்ரோலர்கள் இதற்காகவே பிடிடிபி என்று, எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட்டையும் அனுப்பும். ஆனால் அது டேக் (பாக்கெட்டில் ஒட்டும் விலான் எண்) இல்லாமல் போவது, ட்ரங்கில், அதாவது பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில், டேக் போட்ட விலான் 100-ஐ மட்டும் அனுமதித்திருந்தால் அதுவும் நடுவழியில் நின்றுவிடும். நாங்கள் கடைசியில் நடுவில் வைத்ததை எடுத்துவிட்டு நேராகக் கேபிள் போட்டோம்.

விலானில் இன்னொன்று. ஓபன்ஃப்ளோ 1.3-ல் விலான் 100-ஐப் பொருத்த 100 என்று எழுதினால் ஒரு பாக்கெட்கூட அந்த ரூலில் படாது. 'டேக் இருக்கிறது' என்று சொல்லும் பிட்டுக்காக 4096-ஐச் சேர்த்து 4196 என்று எழுத வேண்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம், ஓபன் விஸ்விட்சில் போர்ட்டுக்கு டேக் போட்டாலே போதாதா என்று நண்பன் கேட்டான், அதற்கும் பதில்: போர்ட்டுக்கு நீ போடும் டேக், நார்மல் ('சாதாரண சுவிட்ச் போல நடந்துகொள்') என்ற ஆக்‌ஷன் வழியாகப் போகும் பாக்கெட்டுக்கு மட்டும்தான் செல்லும். ஃப்ளோவில் நேராக போர்ட் எண்ணைக் கொடுத்து வெளியேற்றினால் சுவிட்ச் அந்த டேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நியாயமாகச் சொன்னால், ரியூ அளவுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கண்ட்ரோலரை நான் பார்த்ததில்லை. லிங்க் கண்டுபிடிக்கும் பகுதி முழுவதும் ஒரே பைத்தான் கோப்பில் இருக்கிறது. மாணவர்கள் ஒரு மதியத்தில் படித்து முடித்து, அடுத்த நாள் கேள்விகளோடு வருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

இருந்தாலும் அவனுக்கு என் பதில்: ஓபன் விஸ்விட்சைப் போடு, ரியூ வேண்டாம். அதன் வளர்ச்சி ஓய்ந்துவிட்டது, ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளைச் செய்பவர்கள்கூட ஓஎஸ்-கென் என்று தங்களுக்கு ஒரு கிளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லிங்க் காணாமல் போகும்போது ராத்திரி பதினொரு மணிக்கு லேபில் நீ தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாய். என் லேபிலிருந்து ரியூவை நான் எடுக்கப்போவதில்லை.