நான்கு ஆண்டுகளாக என் கணினியில் ஈய அச்சின் சாயல்

வேலூரில் அழைப்பிதழும் நினைவு மலரும் வடிவமைத்துத் தரும் நான், பழைய ஈய அச்செழுத்துகளின் சாயலில் அமைந்த எழுத்துருக்களை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆங்கிலத்துக்கு ‘ஐ.எம். ஃபெல்’ குடும்பமும், தமிழுக்கு 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வரிவடிவம் கொண்ட ஓர் எழுத்துருவும் கைவசம் உள்ளன.

ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் ஜான் ஃபெல் 1686இல் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்ற அச்செழுத்துகளை, இகினோ மரினி என்பவர் மை கசிந்த ஓரங்களோடு கணினிக்குக் கொண்டுவந்ததே ‘ஐ.எம். ஃபெல்’. ஒவ்வோர் அளவுக்கும் அக்காலத்தில் தனியே எழுத்து வெட்டியதால், பெருந்தலைப்புக்கு ‘ஃபிரெஞ்ச் கேனன்’, சிறு எழுத்துக்கு ‘பைக்கா’ என எழுத்துருக்களும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. இதை அறியாமல் முதல் ஆண்டில் பைக்காவை 48 புள்ளி (பாயின்ட்) அளவுக்குப் பெரிதாக்கினேன். ஓரமெல்லாம் கரையான் அரித்தது போல வந்து நின்றது. இந்தக் குடும்பத்தில் தடித்த (போல்டு) வடிவம் கிடையாது. பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் இயல்பாகப் பொருந்தும் இவ்வெழுத்து, ஃபிளெக்ஸ் பேனரில் அச்சுப்பிழை போலத் தோன்றுகிறது.

தமிழில் சிக்கல் வேறு விதமானது. சீர்திருத்தத்தில் மாறியவை ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளே. ஆயினும் வட ஆர்க்காட்டு அழைப்பிதழ்களில் அடிக்கடி வரும் ‘திருவண்ணாமலை’ என்ற ஒரு பெயரிலேயே அவற்றுள் இரண்டு வந்துவிடுகின்றன. கணினிகள் எழுத்துகளை அடையாளம் காணும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றுதான், தும்பிக்கை தூக்கிய அந்தப் பழைய தோற்றம் எழுத்துருவுக்குள் மட்டுமே இருக்கிறது. ஆகவே, வரியைப் படியெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் பழமை மறைந்துவிடும். எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்த்துப் பொதியாமல் அச்சகத்துக்கு அனுப்பினாலும் அதே கதிதான். நான் இப்போது எழுத்துகளை வரைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய பின்பே அனுப்புகிறேன். பிழை கண்டால் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது இதற்குக் கொடுக்கும் விலை.

குடியாத்தத்தில் ஒரு பெரியவரின் சதாபிஷேக அழைப்பிதழை முழுக்கப் பழைய வடிவில் அமைத்தேன். அவர் தம் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்தது போல மகிழ்ந்தார். பேரனோ ‘மாலை’ என்ற சொல்லிலேயே தடுக்கி, நிகழ்ச்சி காலையிலா மாலையிலா என்று என்னிடமே கேட்டான். குறை எழுத்துருவில் இல்லை, படிப்பவர் யாரென்று நான் எண்ணிப் பார்க்காததில்தான் இருந்தது. அதன் பிறகு பெயருக்கும் மங்கல வரிக்கும் மட்டுமே பழைய வடிவத்தை வைத்து, நாள், நேரம், மண்டப முகவரி ஆகியவற்றைப் புதிய வடிவில் அமைத்து வருகிறேன்.