மலைத்தடச் சவாரிக்குக் குதிரையா, கோவேறு கழுதையா?

பல ஆண்டுகள் குதிரை வைத்திருந்துவிட்டுக் கோவேறு கழுதைக்கு மாறியவன் நான். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

வேகத்திலும், பயிற்றுநரும் சேணமும் எளிதாகக் கிடைப்பதிலும் குதிரைக்கே முதலிடம். தீனிச் சிக்கனத்திலும் குளம்பின் உறுதியிலும் கோவேறு கழுதை முந்துகிறது. 30 வயதைக் கடந்தும் வேலை செய்பவை அவற்றில் உண்டு. ஆனால் ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்லும் ஒற்றையடித் தடத்தில், விலங்கு மிரளும்போது என்ன செய்கிறது என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

குதிரை திறந்த வெளியில் ஓடித் தப்பிப் பிழைத்த இனம். புதரிலிருந்து ஒரு பறவை படபடவென்று எழுந்தால் முதலில் பாய்ந்து விலகும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். மைதானத்தில் இதைச் சமாளித்துவிடலாம். மூன்றடி அகலத் தடத்தில் விலகுவதற்கு இடமே இல்லை. கழுதையோ வறண்ட, கரடுமுரடான நிலத்தில் வாழ்ந்த இனம். அங்கே கண்மூடி ஓடுவதே ஆபத்து என்பதால், நின்று, உற்றுப் பார்த்து, அதன் பிறகே அசையும். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையிடம் தாயின் உடலளவோடு தந்தையின் இந்த நிதானமும் பெருமளவு சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் செங்குத்தான தடங்களில் பயணிகளைச் சுமக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கோவேறு கழுதைகள் பயன்பட்டு வருவதற்கு இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிதானத்தின் பயன் சவாரிக்காரரின் கையில்தான் இருக்கிறது. நின்றுவிட்ட கோவேறு கழுதையைக் குதிகாலால் இடித்து விரட்டுபவர், அது தரும் எச்சரிக்கையைத் தாமே அழிக்கிறார். லகானைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி முகர விட்டு, காதுகள் எத்திசையில் குவிகின்றன என்று கவனித்துக் காத்திருந்தால், பெரும்பாலும் அது தானே அடியெடுத்து வைக்கும், அல்லது அவ்விடம் உண்மையிலேயே உறுதியற்றது என்று நமக்குத் தெரியவரும். அதே வேளையில், மிரண்டு ஓடத் தொடங்கிவிட்ட கோவேறு கழுதையை நிறுத்துவது குதிரையை நிறுத்துவதைவிடக் கடினம். கழுத்தை விறைத்துக்கொண்டால், ஒருபக்க லகானை இழுத்து வட்டமாகத் திருப்பும் முறை எளிதில் பலிக்காது. ஆகவே நிற்பதையும் தலை திருப்புவதையும் தடத்துக்கு வருமுன்பே பழக்கியிருக்க வேண்டும்.

சேணத்திலும் கவனம் தேவை. கோவேறு கழுதையின் தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேருமிடத்திலுள்ள மேடு) தாழ்ந்திருப்பதால் இறக்கத்தில் சேணம் முன்னே சரியும். அதைத் தடுக்க வாலடி வாரோ, பின்தொடைகளைச் சுற்றிவரும் வாரோ வேண்டும். அந்த வார் உடலில் படுவதைப் படிப்படியாகப் பழக்காவிட்டால் உதை நிச்சயம். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது இரண்டுக்கும் பொதுவான அளவு: 400 கிலோ விலங்குக்கு 80 கிலோ.

ஓடைகளைக் கடப்பதில் கோவேறு கழுதை தயங்குவதைக் கண்டிருக்கிறேன். பழகிய பின் அந்தத் தயக்கம் குறைந்தது. ஆழமான ஆற்றில் இரண்டையும் ஒப்பிடும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

புதிதாகச் சவாரி கற்பவருக்கு, நன்கு பழக்கப்படாத கோவேறு கழுதையைவிட, தடங்களில் நடந்து முதிர்ந்த அமைதியான குதிரையையே பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும், காதைத் தொடவும் நான்கு குளம்புகளையும் தூக்கவும் அது இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு, துணை விலங்குகளை விட்டுத் தனியே சிறிது தொலைவு ஓட்டிப் பாருங்கள். பெண் குதிரையோடு ஒட்டிப் பழகிய கோவேறு கழுதை பாதி வழியில் அதைத் தேடித் திரும்பிவிடக்கூடும்.