சென்னை – யாழ்ப்பாணம் நேரடி ஃபிளைட்: மதுரைய விட பக்கம்ங்க

சென்னையில இருந்து யாழ்ப்பாணம் போறதுக்கு இன்னமும் நெறைய பேர் கொழும்பு வழியாத்தான் டிக்கெட் போடுறாங்க, அதப் பாக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதுறேன். மீனம்பாக்கத்துக்கும், யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்குற பலாலிக்கும் நேர்கோட்டுல சுமார் 360 கிலோமீட்டர்தான் இருக்கும். மதுரையே விமானத்துல 400க்கு மேல வரும்! கொழும்பு வழின்னா முதல்ல ஒரு 650 கிலோமீட்டர் தெற்க பறந்துட்டு, அப்புறம் பஸ்லயோ ரயில்லயோ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் திரும்ப வடக்க வரணும், ஒரு ராத்திரி அதுலயே போயிடும்.

நேரடி ஃபிளைட்ல அட்டவணைப்படி ஒண்ணேகால் மணி நேரம் பக்கம் ஆகும். 2019ல ஆரம்பிச்சு, கொரோனாவுல நின்னு, 2022 டிசம்பர்ல அலையன்ஸ் ஏர் திரும்ப விட்டாங்க, 2024 செப்டம்பர்ல இண்டிகோவும் வந்துச்சு. ரெண்டு நாட்டுலயும் ஒரே நேரம்தான், கடிகாரத்த மாத்தவே வேணாம்.

ஃபிளைட் ஏடிஆர் 72, விசிறி வச்ச சின்ன விமானம். சிலர் இதக் கேட்டதுமே பயப்படுறாங்க, தேவையே இல்ல. இவ்ளோ கிட்ட இருக்குற ஊருக்கு இதுதான் சரியான வண்டி. ஏறுறது பின்பக்கக் கதவு வழியா. ரெக்கை மேல இருக்குறதால ஜன்னல்ல இருந்து கீழ நல்லா தெரியும், நடு சீட்டுகள்ல உக்காந்தா கிளம்பினதும் சக்கரம் மடங்கி வயித்துக்குள்ள போறதக்கூட பாக்கலாம். ரொம்ப உயரத்துல பறக்காததால மேகம் இல்லாத நாள்ல கரையோரம் பூரா தெரியும். கோடியக்கரை தாண்டினா பாக்கு நீரிணை, ஆழம் கம்மிங்கறதால தண்ணி வெளிர் பச்சையா கெடக்கும், அத முழுசா பாத்து முடிக்கறதுக்குள்ள பனைமரமும் செம்மண் தோட்டமுமா தரை வந்துடுது.

பக்கத்து சீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, சென்னையில கண் ஆபரேஷன் முடிச்சுட்டு வந்தாங்க. "முந்தி கொழும்புக்கு இரவு பஸ்ஸில போய், அங்க ஒரு நாள் நிண்டு, பிறகுதான் பிளேன் தம்பி. இப்ப பின்னேரம் வீட்ட நிப்பன்"னாங்க. வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கும், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க தி.நகர் வர்றவங்களுக்கும் இந்த ஃபிளைட் எவ்ளோ பெரிய விஷயம்னு அப்பதான் நல்லா உறைச்சுது.

குறைன்னா, தூரத்தோட பாத்தா டிக்கெட் விலை ஜாஸ்திதான். சின்ன விமானம், சீட்டும் கம்மி, அதனால லீவு சீசன்ல கடைசி நேரத்துல தேடாதீங்க. லக்கேஜ் எத்தன கிலோன்னு டிக்கெட்லயே பாத்துக்குங்க, இலங்கைக்குள்ள போறதுக்கான பயண அனுமதிய (ஈடிஏ) ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க. பலாலியில இருந்து டவுனுக்கு பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல வரும், தங்குற எடத்துல சொல்லி வண்டி வரச் சொல்லிட்டா நிம்மதி.

தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் இருக்கறவங்க இதுக்காக சென்னை வரவேணாம், 2025 மார்ச் கடைசியில திருச்சியில இருந்தே விட ஆரம்பிச்சாங்க, அது 200 கிலோமீட்டர் கூட இல்ல. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் இருக்கு, சுமார் நாலு மணி நேரம், ஆனா சென்னைக்காரங்க நாகை போய்ச் சேரவே அரை நாள் ஆயிடும்.

சீட் எடுக்கும்போது போறப்ப வலது பக்கம், வர்றப்ப இடது பக்கம் எடுங்க, கரை அந்தப் பக்கம்தான் தெரியும்.