ஜூனியர் ஃப்ரீரைட் போட்டில பிள்ளைய சேர்க்கலாமா? பெத்தவங்க பார்வைல ஒரு ரிவ்யூ

எங்க பொண்ணு சில சீசனா ஜூனியர் ஃப்ரீரைட் போட்டிகள்ல ஸ்கீ பண்றா, அவ கூடவே சுத்தற ஸ்னோபோர்டு பசங்களையும் பக்கத்துல இருந்து பாக்குறேன். சேர்க்கலாமான்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், தாராளமா சேருங்க, ஆனா மெடல நெனச்சு சேராதீங்க. ஒரு மலைய நின்னு நிதானமா பாத்து, எங்க போலாம் எங்க போகக்கூடாதுன்னு பிள்ளையே முடிவெடுக்கக் கத்துக்கறதுதான் இதுல கெடைக்கற பெரிய விஷயம், வேற எந்த விளையாட்டுலயும் இந்த அளவுக்கு நான் பாக்கல.

ஃப்ரீரைட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கொடி நட்ட பாதை கெடையாது, ஸ்டாப்வாட்ச் கெடையாது. மேல ஒரு ஸ்டார்ட், கீழ ஒரு ஃபினிஷ், நடுவுல பாறையும் சரிவும் இடுக்குமா ஒரு மலை முகம், அதுல ஒவ்வொருத்தரா தங்களுக்குப் பிடிச்ச வழியில எறங்கி வரணும். அந்த வழியத்தான் லைன்னு சொல்றாங்க. எதிர்ல உக்காந்து ஜட்ஜுங்க பைனாகுலர்ல பாத்து மார்க் போடுவாங்க. வட அமெரிக்காவுல ஐஎஃப்எஸ்ஏங்கற ஃப்ரீரைட் அமைப்போட ஜூனியர் போட்டிகள், ஐரோப்பா பக்கம் ஃப்ரீரைட் ஜூனியர் டூர், ரெண்டோட அடிப்படையும் ஒண்ணுதான். பெரியவங்களுக்கான ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர 2022ல சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு சம்மேளனம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வர்ற பசங்களும் அதிகமாயிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது போட்டிக்கு முன்னாடி நடக்கற இன்ஸ்பெக்‌ஷன். பெரியவங்க டூர்ல அந்த மலை முகத்துல முன்கூட்டி ஸ்கீ வெக்கவே விடமாட்டாங்க, கீழ இருந்து கண்ணால பாக்கறதோட சரி, ஜூனியர்ல இது போட்டிக்குப் போட்டி மாறும். எங்க பொண்ணு என்ன பண்ணுவான்னா கீழ நின்னு மலைய ஃபோட்டோ எடுப்பா, அதுல விரலால லைன் போடுவா, அப்புறம் ஃபோனத் தலைகீழா திருப்பி வெச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருப்பா. ஏம்மா இப்படின்னு கேட்டா, "அப்பா, கீழருந்து பாக்கறப்ப பாறை முழுசா தெரியும், மேல போயிட்டா அதோட விளிம்பு மட்டும்தான் தெரியும், அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது"ன்னா. உண்மைதான், மேல நிக்கறப்ப எல்லா பாறையும் ஒரே மாதிரி வெள்ளை விளிம்பாத்தான் இருக்கு. அதனால ஒத்தை மரம், வளைஞ்ச ஒரு கல்லு, தூரத்துல கீழ தெரியற ஃபினிஷ் கொடின்னு அடையாளம் வெச்சுக்கணும், அந்த மரத்துக்கு வலது பக்கம் ரெண்டு டர்ன் எடுத்து கொடிக்கு நேரா வந்ததும் குதிக்கணும்னு மனசுல ஓட்டிப் பாத்துக்கணும். ஒரு அஞ்சு மீட்டர் தள்ளி வந்துட்டா கீழ பனி இருக்க வேண்டிய எடத்துல கல்லு இருக்கும். இத ஒரு பதினாலு வயசுப் பிள்ளை தனியா நின்னு கணக்குப் போடறத பாக்கறப்ப மனசு நெறஞ்சு போகும்.

மார்க் போடற முறையும் எனக்குத் திருப்திதான். லைன், கன்ட்ரோல், வேகம் அறாம ஓடறது, ஜம்ப்பும் அதோட ஸ்டைலும், டெக்னிக், இந்த அஞ்சையும் பாக்கறாங்க. வெளியில இருந்து பாக்கறவங்க பெரிய பாறைல குதிச்சா பெரிய மார்க்குன்னு நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல. ஒரு பையன் அங்க இருந்ததுலயே பெரிய பாறையப் புடிச்சான், கூட்டம் கத்துச்சு, ஆனா எறங்கறப்ப முதுகு பனில பட்டு எழுந்தான், கன்ட்ரோல்ல மார்க் போயிடுச்சு. அவனுக்கு அப்புறம் வந்த ஒரு சின்னப் பொண்ணு பாதி உயரம்கூட இல்லாத ரெண்டு பாறைய அடுத்தடுத்து எடுத்தா, நடுவுல நிக்கவே இல்ல, எங்க குதிக்கணுமோ சரியா அங்க குதிச்சு கால்லயே எறங்கி அப்படியே வேகமா போயிட்டா. அவ மார்க்குதான் மேல வந்துச்சு, அதுதான் நியாயமும். தன்னால முடியாதத செஞ்சு தப்பிச்சவனுக்குப் பரிசு குடுத்தா அடுத்த வாரம் பத்து பசங்க அதையே செய்வாங்க இல்லையா.

பாதுகாப்பப் பத்தி எல்லா அம்மாவும் முதல்ல கேப்பாங்க, கேக்கணும். போட்டி நடக்கற சரிவ பேட்ரோல் ஆளுங்க, அதாவது மலையோட பாதுகாப்புக் குழு, முன்னாடியே சோதிச்சு, தேவப்பட்டா வெடி வெச்சு ஆபத்தான பனியத் தள்ளி விட்டுத்தான் பசங்கள விடுவாங்க. ஹெல்மெட்டும் முதுகு காப்பும் இல்லாம அனுப்பறதப் பத்தி யோசிக்கவே கூடாது. பனி சரிஞ்சு ஆள மூடிட்டா தேடறதுக்கான டிரான்சீவர் (பொதஞ்சவங்க இருக்கற எடத்த சிக்னல் வெச்சுக் காட்டற கருவி), மண்வாரி, புரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்கற நீளமான கம்பி) எது எது கட்டாயம்னு அந்தந்தப் போட்டியோட விதியப் பாத்துக்கோங்க, ஆனா விதில இல்லாட்டியும் வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா போட்டி முடிஞ்சதும் இந்தப் பசங்க பயிற்சிக்குப் போறதும் இதே மாதிரி சரிவுகளுக்குத்தான். வாங்கினா மட்டும் பத்தாது, தேடிப் பழகணும். பனிக்குள்ள பொதஞ்சவங்கள முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் பெரும்பாலும் உயிரோட கெடைப்பாங்க, வெளிய இருந்து உதவி வர்ற வரைக்கும் காத்திருந்தா முடிஞ்சுது, பக்கத்துல இருக்கற பிள்ளைதான் தேடணும். நல்ல கிளப்புல ஜாக்கெட்டுக்குள்ள டிரான்சீவர வெச்சு பனில பொதைச்சுட்டு பசங்கள விட்டு தேடச் சொல்றாங்க, உங்க கிளப் இத செய்யலன்னா கேளுங்க, சும்மா விடாதீங்க.

இப்ப குறைகள். முதல் கோவம் ரிசல்ட்டு மேல. நாங்க போன ஒரு போட்டில மொத்த மார்க் மட்டும் ஒட்டினாங்க, எதுல எவ்ளோ போச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல, கோச் போய்க் கேட்டதுக்கும் சரியான பதில் வரல. இவ ராத்திரி முழுக்க, "நான் நடுவுல நின்னதுக்கா, இல்ல அந்த ஜம்ப்புல கை பட்டதுக்கா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, எனக்கு என்ன தெரியும். கத்துக்கற வயசு பிள்ளைங்க, எங்க கொறஞ்சுதுன்னு சொல்லாத மார்க்க வெச்சு என்னத்த திருத்திக்கறது? வேற எடத்துல ஜட்ஜே வந்து கோச்சுங்க கூட உக்காந்து பேசினாங்க, அப்ப முடியுது இல்ல, எல்லா எடத்துலயும் செய்யட்டும்.

ரெண்டாவது, ஸ்டார்ட் வரிசை. முன்னாடி போறவங்களுக்கு கை படாத பனி, பின்னாடி போறவங்களுக்கு எல்லாரும் எறங்கி எறங்கி குழி விழுந்த லேண்டிங், அதுக்குள்ள மேகம் வேற வந்துட்டா மேடு எது பள்ளம் எதுன்னே கண்ணுக்குத் தெரியாது. இத யாராலயும் முழுசா சரி பண்ண முடியாது, மலை அப்படித்தான், ஆனா பிள்ளைகிட்ட முன்னாடியே இதப் பேசி வெச்சுடுங்க. காத்து, மூடுபனி, புதுசா விழுந்த பனி இதுனால போட்டி தள்ளிப் போறதும் எடம் மாறறதும் சாதாரணம், மணிக்கணக்கா குளிர்ல நிக்கணும். அந்த நேரத்துல பெத்தவங்களுக்கு ஒழுங்கா தகவல் சொல்றவங்களும் இருக்காங்க, ஒண்ணுமே சொல்லாதவங்களும் இருக்காங்க. பேரு குடுக்கறதுலயும் அவஸ்தைதான், ரெஜிஸ்ட்ரேஷன் தொறந்த கொஞ்ச நேரத்துல எடம் தீந்துடும்.

ஸ்னோபோர்டு பசங்களப் பத்தி தனியா சொல்லணும், அவங்களுக்கு இன்னும் நல்லது நடக்கணும்னு நான் மனசார ஆசப்படறேன். சுவிட்சர்லாந்து வெர்பியர்ல பெக் டி ரோஸ் மலையில 1996ல இந்த விளையாட்டோட பெரிய போட்டி ஆரம்பிச்சப்ப அது ஸ்னோபோர்டுக்காக மட்டும்தான், ஸ்கீ பின்னாடிதான் உள்ள வந்துச்சு. இப்ப ஜூனியர்ல பாத்தா ஸ்கீ பக்கம் நீளமான வரிசை, ஸ்னோபோர்டுல பொண்ணுங்க பிரிவுல சில சமயம் விரல் விட்டு எண்ணிடலாம். போட்டி எடத்த தேர்ந்தெடுக்கறப்பவும் ஸ்கீய மனசுல வெச்சே தேர்ந்தெடுக்கறாங்களோன்னு தோணுது, ஸ்டார்ட்டுக்குப் போக நீளமான குறுக்குப் பாதை, ஃபினிஷுக்கு முன்னாடி சமதளம், கையில கம்பு வெச்சிருக்கற ஸ்கீ பசங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க, போர்டுல நின்னவங்க நின்னதுதான், அங்க ஓட்டத்துக்கான மார்க்கும் போகும். ஸ்னோபோர்டு ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர எடம் பாக்கறப்பவே கூட வெச்சுக்கிட்டா இதுல பாதி தீந்துடும்.

யாருக்கு இப்ப வேணாம்னா, கரடுமுரடான சரிவுல இன்னும் தெம்பா திரும்பி எறங்க வராத பிள்ளைக்கு வேணாம், கூட நல்ல கோச் இல்லாதவங்களுக்கும் வேணாம். முதல் வருஷம் போட்டிக்குப் பேரு குடுக்காம கிளப்போட சும்மா மலை சுத்தட்டும். அப்படிச் சுத்தி ஜூனியர் போட்டி வழியா மேல வந்தவங்கதான் இப்ப பெரிய டூர்லயே முன்னாடி நிக்கறாங்க, கனடாவோட மார்கஸ் கோகன் அப்படி வந்து 2025ல டூர் டைட்டிலே ஜெயிச்சாரு. அவரோட ரன் வீடியோவ பிள்ளையோட உக்காந்து பாருங்க, குதிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி நிறுத்திட்டு இப்ப இவருக்கு கண்ணுக்கு என்ன தெரியும்னு கேளுங்க. எங்க வீட்ல அந்தக் கேள்விக்கே அரை மணி நேரம் சண்ட நடக்கும்.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. மார்க்க பிரிச்சுக் காட்டற அன்னிக்கு மிச்ச ஒண்ணையும் குடுத்துடறேன்.